நடுவில் நிற்க வேண்டியவர்

பத்து பாகாட் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது வீடு. மகள் கூட இருந்த காலத்தில் அது எங்கள் மூன்று பேருக்கும் போதவில்லை. அவள் கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்குப் போனதும் அளவாக இருந்தது. பேரன் பிறந்து, அவனைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் அங்கே போய்விட்ட பிறகு, அதே வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. மகளும் மருமகனும் விடியுமுன்பே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையை யாரிடம் விடுவது? போய்த்தான் ஆக வேண்டும், போனாள். மாதம் ஒரு முறை, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவாள்.

வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை என்பது எனக்கு முதலில் சமையலறையில்தான் தெரிந்தது. குழம்பில் உப்பு சரியா என்று கேட்க ஆள் கிடையாது. போட்டது போட்டதுதான். சரியாக இருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்பது கடைசிவரை தெரியாது.

நான் அதிகம் படித்தவனில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அப்புறம் கொஞ்ச காலம் மலாய்ப் பள்ளி, அதற்குப் பிறகு நேராகத் துணி ஆலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே மனசில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆலையில் துணி மடிக்கும் ஓர் அக்கா, முகம் சுளித்தே திரியும் சூப்பர்வைசரைப் பற்றி, "அவரு சிரிப்பக்கூட ஓவர்டைமுக்குன்னு எடுத்து வெச்சிருக்காரு" என்றார். ஒரு லாரிக்காரர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது, மனைவி கோபமாக இருந்தால் டிவிகூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுமாம். இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும், எனக்கு அன்றைய நாள் ஓடிவிடும். நீங்களும் ஜொகூர் பாருவுக்கு வந்துவிடுங்கள் என்று மகள் பல முறை கேட்டுவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். உண்மையான காரணம் அவர்கள் அடுக்குமாடியின் லிஃப்டு. எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் அங்கே போய் எதைக் கேட்டுக்கொண்டு உயிர் வாழ்வது?

மனைவி போன பிறகு சாயங்காலங்களில் போனில் பட்டிமன்றம் கேட்கிற பழக்கம் வந்தது. அதைப் பற்றி மகளிடம் சொன்னபோது, தகர டப்பாவுக்குள்ளிருந்து எறும்பு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே பெட்டிகள் வந்து இறங்கின. மரநிறத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், கூடவே சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. அந்தச் சின்னதுதான் விஷயமே என்றாள் மகள். லேப்டாப்புக்குள் பாட்டும் பேச்சும் வெறும் எண்களாகத்தான் இருக்கின்றனவாம். அந்த எண்களை எடுத்துச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது இதன் வேலையாம். டிஏசி என்று பெயர். லேண்ட் ஆபீஸில் நமக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று மலாயில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரியா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படித்தான், ஆனால் இது காசு கேட்காது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீடியோ அழைப்பில் வந்து உட்கார்ந்துகொள்ள, நான் மாட்டினேன். அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பிலிருந்து கறுப்புப் பெட்டிக்கு ஒரு வயர். கறுப்புப் பெட்டியின் முதுகிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர்கள் ஒரு ஸ்பீக்கருக்கு. அந்த ஸ்பீக்கருக்குத்தான் கரண்டு, சத்தத்தைக் கூட்டுகிற மெஷினும் அதற்குள்ளேயே. இரண்டாவது ஸ்பீக்கர் வெறும் பெட்டி, முதலாவதிலிருந்து ஒரு முறுக்கு வயர் அதற்குப் போகிறது. ஒன்று சம்பாதிக்கிறது, இன்னொன்று கூட இருக்கிறது, நம் வீடு மாதிரிதான் என்றேன். மகளுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல், யார் எது என்று கேட்டது.

எல்லாம் மாட்டியும் லேப்டாப் தன் சொந்த வாயாலேயே பேசிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் விருந்தாளிகள் மாதிரி சும்மா நின்றன. மகள் செட்டிங்கைத் திறக்கச் சொல்லி, சத்தம் வெளியே போகும் வழிகளில் கறுப்புப் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அமுக்கினேன். அடுத்த நொடி ஹால் முழுக்க ஒரு கூட்டம் கைதட்டியது. போனில் எறும்பாகக் கேட்ட அதே பட்டிமன்றம்தான். யாரோ தொண்டையைச் செருமுவது, நாற்காலி நகர்வது, முன்வரிசையில் ஓர் அம்மா மற்றவர்களுக்கு முன்னால் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வது, எல்லாம் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் ஆட்கள்.

அப்போதுதான் மகள் அந்தச் சோதனையைச் சொன்னாள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிசமமான தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். ஒரே ஒருவர் பேசுகிற இடத்தை ஓடவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால், பேசுகிறவர் இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில், டிவி இருக்கும் இடத்தில் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். அங்கே பெட்டியும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆனாலும் அங்கே நிற்பார்.

"தெரியிறாராப்பா?"

கண்ணை மூடிக் கேட்டேன். பேசுகிறவர் நன்றாகத்தான் நின்றார், ஆனால் டிவி பக்கம் இல்லை. எனக்கு வலது கைப்பக்கம், ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு பேசினார். சொன்னேன். நாற்காலியை நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன். டேப் எடுத்து அளக்கச் சொன்னாள், அளந்தேன். அவர் ஜன்னலை விட்டு வரவில்லை.

இடது ஸ்பீக்கர் சத்தம் கம்மியாகத் தருகிறது, பழுது என்று மகள் முடிவு செய்தாள். வந்து பத்து நாளுக்குள் என்றால் மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த திங்கட்கிழமைதான் கடைசி நாள். எது பழுது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றாள். எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். பழுது எதனோடு சேர்ந்து நகர்கிறதோ, குற்றவாளி அதுதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, கறுப்புப் பெட்டியின் முதுகில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினேன். பழுது அந்தப் பெட்டியில் என்றால் அவர் இப்போது இடது பக்கம் போக வேண்டும். போகவில்லை, ஜன்னலோரமே நின்றார். சரி, டிஏசி மேல் தப்பில்லை. மறுநாள் இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். கரண்டு வயர் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் வாங்கிவந்து மாட்டினேன். வியர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்து கண்ணை மூடினால், ஜன்னலோரம். சரி, ஸ்பீக்கர் மேலும் தப்பில்லை. ஜன்னல் கண்ணாடிதான் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று நினைத்து, கனமான போர்வையைத் திரையாகக் கட்டினேன். போர்வைக்கு முன்னால் நின்று பேசினார்.

அப்போதே எனக்குள் ஏதோ ஒன்று தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை நான் வழக்கமாகப் பாலில்லாத தே ஓ குடிக்கும் கடையில், கல்லாவில் இருக்கும் பாயிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். எங்கள் ஊரில் எனக்கு மிகப் பிடித்த வாய் அவருடையதுதான். ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ், நடுவில் மலாய், கோபம் வந்தால் ஹொக்கியன் சீனம். ஒரு பக்கம் சத்தம் கம்மியாக இருக்கிறது பாய், எதை மாற்றினாலும் போகவில்லை என்றேன். அவர் பில்லைக் கம்பியில் குத்திக்கொண்டே சொன்னார்.

"பொட்டியா காதான்னு நல்லாப் பாத்துக்குங்கண்ணே. பொட்டின்னா திருப்பிக் குடுக்கலாம் லா."

பக்கத்து மேசைகூடச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு நாளாக இருந்தால் அந்த வாக்கியத்தை நாலு பேரிடம் சொல்லி நாலு பேரையும் சிரிக்க வைத்திருப்பேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆலைக்குப் போகும் வழியெல்லாம் பழைய வேலையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். இப்போது நான் ஸ்டோரில் இருக்கிறேன். அதற்கு முன் தறி ஓடும் கொட்டகையில் பாதி ஆயுள். நூற்றுக்கணக்கில் தறிகள் ஒன்றாக அடிக்கும். உள்ளே போனால் நெஞ்செலும்பு ஆடும். காதில் வைத்துக்கொள்ள பஞ்சு மாதிரி மஞ்சள் இயர்ப்ளக் கொடுப்பார்கள், இரண்டு. நாங்கள் யாரும் இரண்டையும் வைப்பதில்லை. ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வோம். தமிழ், மலாய், பங்ளா என்று எல்லாரும் அப்படித்தான். நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அது தெரிய வேண்டும். பக்கத்தில் வந்து காதில் கத்துகிறவனுக்குக் காது கொடுக்க வேண்டும். அங்கே பேச்சு என்றாலே அப்படித்தான், திறந்த காதோடு வாயை ஒட்டி வைத்துக் கத்துவது. எத்தனை கேலிகள், எத்தனை பேர் வீட்டுச் சண்டை. எனக்கு அந்தத் திறந்த காது இடது காது. வலது கையில் வேலை, இடது பக்கம் நடைபாதை, ஆட்கள் அந்தப் பக்கமிருந்துதான் வருவார்கள்.

அன்று சாயங்காலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி எடுக்க வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், புதுப் பெட்டிகளோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பட்டிமன்றத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடினேன். பேசுகிறவர் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தார். எனக்குப் பின்னால், சாமி மேடைப் பக்கம் போய் நின்றார். அதாவது, இப்போதும் என் வலது கைப்பக்கம். வயரோடும் நகரவில்லை, பெட்டியோடும் நகரவில்லை, வீட்டோடும் நிற்கவில்லை. என்னோடு நகர்ந்தார்.

பழுது எதனோடு சேர்ந்து நகர்கிறதோ, குற்றவாளி அதுதான்.

ஆனாலும் மனசு விடுமா? பின்பக்கமாக உட்கார்ந்து கேட்டால் எல்லாருக்குமே அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது, அதுதான் யாரும் அப்படி உட்காருவதில்லை என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். சந்தேகம் தீர ஒரே வழி, வேறு ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பது. ஒரு பாட்டு நேரம் போதும். அவர் எங்கே நிற்கிறார் என்று கை காட்டினால் போதும். அந்தக் கைக்குத்தான் ஆள் இல்லை. ஊரில் நான் பேசாத ஆள் கிடையாது. கடையில், பஸ் நிறுத்தத்தில், கோவிலில், எங்கே நின்றாலும் எனக்கு நாலு பேர் உண்டு. ஆனால் வீட்டுக்குள் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இந்த நாற்காலியில் கொஞ்சம் உட்காருங்கள் என்று கேட்கிற அளவுக்கு ஒருவர்? வாசல்வரை வருகிறவர்களைத்தான் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழனும் வெள்ளியும் ஸ்பீக்கரைப் போடவே இல்லை. மகள் குறுஞ்செய்தியில் கேட்டாள், எது பழுது என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன். ஸ்டோரில் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தபோது, நானும் சிரித்துவிட்டு, நிஜமாகவே கேட்டுத்தான் சிரித்தேனா என்று யோசித்தேன். அந்த யோசனை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நிற்காது. ஆட்கள் என்னிடம் எதைச் சொல்லி, நான் எதைத் தவறவிட்டிருப்பேன்? இத்தனை நாள் நான் வாய்நிறையச் சொல்லிச் சிரித்த பேச்செல்லாம் ஊர் பேசியதில் பாதிதானோ?

சனிக்கிழமை மதியம் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பை நிறைய பேரன் கிறுக்கிய தாள்கள். வழியெல்லாம் அவன் பேசுகிற மழலையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலில் தொங்கும் போர்வையைப் பார்த்தாள், தரையில் ஓடும் வயரைப் பார்த்தாள், போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தாள். நான் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் அவள் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவாளோ என்று பயம். நாற்காலியில் உட்கார், கண்ணை மூடிக்கொள், பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கையைக் காட்டு, அவ்வளவுதான் என்றேன்.

உட்கார்ந்தாள். முந்தானையை மடியில் ஒதுக்கிக்கொண்டு, கோவிலில் தீபாராதனைக்குக் கண்ணை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டாள். நான் ஓடவிட்டேன். கையைத் தூக்கினாள். எங்கும் தேடவில்லை, தயங்கவில்லை. விரல் நேராக டிவியைக் காட்டியது.

"இங்கதான் நிக்கிறாரு. ஏன், உங்களுக்கு?"

நான் ஜன்னலைக் காட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தாள். ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆச்சரியப்படவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டால் எப்படிச் சொல்வாளோ, அப்படிச் சொன்னாள்.

"அந்தக் காதுதானே. ரொம்ப நாளாவே அது கம்மிதான் உங்களுக்கு."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே நின்றேன். இடது பக்கமிருந்து பேசினால் நான் பதில் சொல்வதில்லையாம். முதலில், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறேன் என்று கோபம் வந்ததாம். அப்புறம் ஒரு நாள் பசாரில் வலது பக்கம் மாறி நடந்து பார்த்தாளாம், எல்லாவற்றுக்கும் பதில் வந்ததாம். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம்தான் நடக்கிறாள். கட்டிலில் படுப்பதும் அந்தப் பக்கம்தான். நான் அதைக் கவனித்தது, ஏன் இடம் மாறிவிட்டாய் என்று ஒரு முறை கேட்டதோடு சரி. ஃபேன் காற்று என்றாளாம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணிருப்பீங்க? பேசறத நிறுத்திட்டு எல்லார் வாயையும் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அதான் நானே தள்ளி உக்காந்துக்கிட்டேன்."

அவள் எழுந்து போய் ஜன்னலில் தொங்கிய போர்வையைக் கழற்றி மடித்தாள். மடித்துக்கொண்டே, அந்த ஆளை உங்களுக்கு நடுவில் கொண்டு வர முடியாதா என்று கேட்டாள். லேப்டாப்பில் இடம் வலம் என்று ஒரு கோடு இருந்ததை நான் பார்த்திருந்தேன். அதில் ஒரு புள்ளி இருக்கும். இடது பக்கம் தள்ளினால் இடது ஸ்பீக்கர் சத்தம் கூடும், மற்றது குறையும். இத்தனை நாள் அதைத் தொடவில்லை. பழுது பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று இருந்தவன் அதை எப்படித் தொடுவான்? உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தள்ளினேன். ஜன்னலோரம் நின்றவர் கிளம்பினார். சுவரை ஒட்டி நடந்து வந்தார். டிவிக்கு முன்னால் வந்து நின்றார். நேராக என்னைப் பார்த்துப் பேசினார்.

பார், வந்துவிட்டார் என்றேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, தனக்கு அவர் சாமி மேடைக்குப் போய்விட்டார் என்றாள். நான் புள்ளியைத் திரும்ப நடுவுக்கு இழுக்கப் போனேன். ஒரு வீட்டில் ஒருவனுக்கு மட்டும் சரியாகக் கேட்கிற பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க. மாசத்துல ரெண்டு நாள் வரவளுக்கா வெச்சிருக்கீங்க?"

அப்புறம் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, எனக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். எழுந்து இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இப்போது சரி என்றாள். வலது பெட்டிக்குக் கிட்டே போனதால் அவளுக்கும் அவர் நடுவுக்கு வந்துவிட்டார். அந்தச் சாயங்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத ஓர் ஆளை ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டிமன்றத்தில் மாமியார் மருமகள் விஷயம் வந்தபோது அவள் எதிரணியின் பேச்சுக்குச் சிரித்தாள். நான் வேண்டுமென்றே சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் நிலையத்தில் என் வலது பக்கம் நின்றாள். இத்தனை வருஷம் தெரியாமலே இருந்துவிட்டு, இப்போது தெரிந்துகொண்டு அவள் பக்கத்தில் நிற்பது கஷ்டமாக இருந்தது. அவள் ஜன்னலிலிருந்து ஏதோ சொன்னாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. அது யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். எழுதி அனுப்பட்டுமா என்றுதான் முதலில் கேட்டாள். வேண்டாம், பெட்டிகள் நன்றாக இருக்கின்றன, பழுது என் இடது காது என்றேன். சொல்வதற்கு முன்னால் எவ்வளவோ வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். சொன்னது இவ்வளவுதான். பிறகு நான் பயந்ததை அவள் சொன்னாள், அப்படியென்றால் இங்கேயே வந்துவிடுங்கள் என்று. அரசாங்க மருத்துவமனையில் காது பார்க்கிறவரிடம் இந்த வாரமே போகிறேன், அவர் சொல்வதைக் கேட்டு முடிவு பண்ணலாம் என்றேன். தனியாகவா போகப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டாக்டர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றவள், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நினைத்து, நிறுத்திக்கொண்டாள். நான்தான் முதலில் சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுதும் இருப்பாள்.

போனை வைத்த பிறகு ஸ்பீக்கரைப் போட்டேன். அவர் டிவிக்கு முன்னால் வந்து நின்று பேச ஆரம்பித்தார். வலது பக்கம் அவள் போட்டுவிட்டுப் போன நாற்காலி, என்னிடமிருந்து ஒரு கை எட்டாத தூரத்தில், ஜன்னல் பக்கம் தள்ளி இருந்தது. எடுத்துச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவிடலாம் என்று எழுந்தேன். அது இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு அவர் நடுவில் தெரிவார். அதனால் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் வரைக்கும் அதைச் சுற்றித்தான் நடந்து போகவேண்டும்.